காளையாகிக்கொண்டிருந்த கிடாரி

"காளைக்கும் பசுவுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்கவா ஐந்து வருஷம் படித்தோம்?" என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டது என் காதுக்கு வந்தது. பள்ளிக்கூட முகாமுக்குப் போகச் சொன்னார்களாம், அந்தக் கோபம். யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இங்கேயே எழுப்பி நிற்க வைத்திருப்பேன். நான் மாட்டு டாக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், என் கோபம் இன்னும் பெறவில்லை.

சரி, முகாமில் என்ன சொல்வீர்கள்? காளைக்கு உயரமும் எடையும் அதிகம். கழுத்து தடித்திருக்கும், திமில் நிமிர்ந்து நிற்கும், முன்பக்கம் கனத்துப் பின்பக்கம் ஒடுங்கியிருக்கும். பசு உடம்பில் சிறியது, கழுத்து மெலிந்தது, இடுப்பு அகன்றது. கன்று வெளியே வர வழி வேண்டுமே. நம் காங்கேயம் மாட்டில் இன்னும் சுலபம். பிறக்கும்போது இரண்டும் செவலையாக இருக்கும், வளர வளர வெளுக்கும், காளைக்கு மட்டும் திமிலும் கழுத்தும் கறுத்துக்கொண்டு வரும். காளை இனம் பெருக்கும் பொலிக்கு, பசு கன்றுக்கும் பாலுக்கும். குழந்தைகள் கைதட்டுவார்கள். நீங்களும் டீ குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடலாம்.

இந்தச் சின்னப் பிள்ளைப் பாடத்தால் ஒரு தெருவே கொதித்துக் கிளம்பியதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். அன்றைக்கு எனக்கு அதிர்ச்சி ஒன்றோடு நிற்கவில்லை. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. கடைசியில் வந்தது இன்னும் அடங்கவில்லை.

ஓய்வுக்குக் கொஞ்ச காலமே மிச்சமிருந்த சமயம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"டாக்டரம்மாங்களா? நான் எஸ்தர் பேசறனுங்க, வீரபாண்டியிலிருந்து. எங்கூட்டுக் கிடாரி காளையா மாறிட்டு வருதுங்க. சித்த வந்து பாக்கறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காளைக்கன்றைப் பெண் கன்று, கிடாரி என்று சொல்லி யாரோ இவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். "பின்னாடி கால் நடுவுல பாத்தியா அம்மிணி?" என்று கேட்டேன்.

"பாத்தனுங்க. அங்க ஒண்ணுமில்லீங்க. அதனாலதானுங்க பயமா இருக்குது."

அவள் குரலில் இருந்த நடுக்கம் என் சிரிப்பை நிறுத்திவிட்டது. வண்டியை எடுத்தேன்.

எஸ்தர் இருந்தது ஒரு லைன் வீட்டில். பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒற்றை அறை வீடுகள். தெருவின் ஓரத்தில் ஒரு சாக்கடை, அதில் அன்றைக்கு ஊதா நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் ஒரு சாயப்பட்டறை. நான் போய் இறங்கியபோது தெரு நிறைய ஆட்கள். வடக்கத்திப் பையன்கள் சிலர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளே எடுத்த ஒன்று வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டதாம். எனக்குத்தான் வரவில்லை.

லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாழ்மனை. அங்கே வேப்பமரத்தடியில், பனியன் வேஸ்ட் துணியை முறுக்கித் திரித்த கயிற்றில் அது கட்டியிருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது. என் தோள் உயரத்தில் திமில். தடித்த கழுத்து. முன்பக்கம் கனத்து, பின்பக்கம் சிறுத்திருந்தது. காலால் மண்ணைப் பறித்து எறிந்துவிட்டு ஒரு முக்காரம் போட்டது, கூட்டம் பின்வாங்கியது. பக்கத்து வீட்டுக் கறவை மாட்டின் மேல் இரண்டு முறை தாவிவிட்டதாம். குனிந்து பார்த்தேன். எஸ்தர் சொன்னது சரி. காளைக்கு இருக்க வேண்டியது எதுவும் இல்லை. பசுவுக்கு இருக்க வேண்டிய மடியும் இல்லை, மொச்சைக்கொட்டை அளவில் காம்புகள் மட்டும் இருந்தன.

எஸ்தர் மாட்டின் பக்கத்திலேயே நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள். கணவர் இல்லை, ஒரு மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மாடு அவளுடையது அல்ல, அவள் கம்பெனி முதலாளியுடையது. கன்றாக இருந்தபோதே அவளிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். வாரத்துக்கு என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மாடு ஒருவருடையது, தீனி போட்டு வளர்க்கிற பாடு இன்னொருவருடையது. ஈனுகிற முதல் கன்று வளர்த்தவருக்கு, அடுத்தது சொந்தக்காரருக்கு. எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

"தலைச்சன் கன்னு எனக்குன்னு சொன்னாருங்க. அது கிடாரியாப் பொறந்தா எங்க ஊருக்குப் போயிருவனுங்க, வெள்ளகோவில் பக்கம். மாட்டை வெச்சுப் பொழைச்சுக்குவன். மெஷின்ல உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சுங்க," என்றாள். "வேற கம்பெனில சூப்பர்வைசராக் கூப்பிட்டாங்க. போனா மாட்டை ஓட்டிட்டுப் போயிருவாங்கன்னு போகலீங்க. ஆனா இது பருவத்துக்கே வரமாட்டீங்குது. கொஞ்சம் பொறு பொறுன்னு மொதலாளி சொல்லிட்டே இருந்தாருங்க. இப்ப இப்படி ஆயிப்போச்சு."

அவள் பேசி முடிப்பதற்குள் ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கருப்பசாமி என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர். "பாத்தியளா டாக்டரம்மா? எல்லாம் இந்தச் சாயத் தண்ணி பண்ணுத வேலை. மாட்டையே இப்படி மாத்திப்போட்டுன்னா மனுசனை என்ன பண்ணும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பட்டறையை இன்னைக்கே இழுத்துப் பூட்டிருதோம்."

அவருக்குப் பின்னால் அவர் மகள் நின்றாள். நிறைமாதம். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, நானும் இந்தத் தண்ணியத்தான் குடிக்கேன். எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று கேட்டாள்.

மாட்டைப் பார்க்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. எஸ்தரின் முதலாளி இறங்கினார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு போன், பேச்சில் நல்ல மரியாதை. மாட்டை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். "வாங்க டாக்டரம்மா. தண்ணிதானுங்க, சந்தேகமே வேண்டாம். நானும் எத்தனையோ தரம் சொல்லிட்டனுங்க, இந்தத் தண்ணி மனுசன் குடிக்கற தண்ணியில்லீங்க."

கூட்டம் ஓ என்றது. முதலாளியே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? நாலைந்து பேர் சாயப்பட்டறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். பட்டறையின் கேட்டை உள்ளே இருந்து சாத்துகிற சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. துணியைச் சாயம் போடக் கொடுத்து வாங்குகிற கம்பெனிக்காரர், சாயப்பட்டறைக்கு எதிராக இத்தனை சுறுசுறுப்பாகப் பேசி நான் பார்த்ததே இல்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் ஆபீஸில் எல்லோரும் செய்வதுதான். "ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறேன், ரிசல்ட் வரட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடலாம். யாரும் குறை சொல்ல முடியாது. ரிசல்ட் வருவதற்குள் பட்டறையை உடைத்திருப்பார்கள், உள்ளே இருக்கிற வாட்ச்மேனுக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் பிள்ளையைப் பெறுகிறவரைக்கும் தூங்கியிருக்க மாட்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது வேறு. பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறபோது பார்க்காமல் நழுவுவது வேறு.

"யாரும் நகரக் கூடாது. நான் பாத்துச் சொல்ற வரைக்கும் இங்கயே நில்லுங்க," என்று ஒரு சத்தம் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு மாடே அடங்கி நின்றது. கையுறையை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கர்ப்பப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் நூல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் எத்தனை மாட்டுக்குள் கை விட்டிருப்பேன், இப்படி வெறும் இடத்தைத் தொட்டதில்லை.

முதலாளி பக்கம் திரும்பினேன். "இது பொறக்கறப்ப கூட இன்னொண்ணு பொறந்துச்சுங்களா?"

அவர் ஒரு போனை எடுத்துப் பார்த்தார்.

"உங்களைத்தாங்க கேக்கறேன். இரட்டைக் கன்னா?"

"ஆமாங்க," என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூட ஒரு காளைக்கன்னு. நம்ம தோட்டத்துல நிக்குதுங்க, பொலிகாளையா. எங்க குடும்பத்துல ரெட்டைக் கன்னை ஒரே கட்டுத்தறியில கட்ட மாட்டமுங்க, ஆகாதுன்னு. அதனால இதை மட்டும் வெளியே விட்டமுங்க."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கியிருக்கும், பாடப்புத்தகத்தில் ஃப்ரீமார்ட்டின் என்று அரைப் பக்கம் வரும். அந்த அரைப் பக்கத்தைத் தெருவில் நிற்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது.

"இங்க பாருங்க. தாய் வயித்துல ஒரு காளையும் ஒரு கிடாரியும் சேர்ந்து இருந்தா, ரெண்டோட ரத்தமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடும். காளையோட சத்து கிடாரிக்குள்ள போயிரும். அப்புறம் கிடாரிக்குக் கர்ப்பப்பை வளராது. வெளியே பாத்தா பொட்டைக் கன்னு மாதிரியே இருக்கும், வளர வளர காளை மாதிரி ஆகும். பெரும்பாலும் அப்படித்தான். இது இங்க வந்து மாறல. பொறக்கறதுக்கு முன்னாடியே மாறிப்போச்சு. இதை எந்தத் தண்ணியும் மாத்தல."

கருப்பசாமிதான் முதலில் வாய் திறந்தார். அவருக்கு என் மேல் கோபம். "அப்போ தண்ணி நல்ல தண்ணிங்கியளா?"

"நல்ல தண்ணின்னு நான் எங்க சொன்னேன்? மாட்டை மாத்தலைன்னு சொன்னேன். அந்தத் தண்ணிக்கு நீங்க தாராளமா கலெக்டர் ஆபீஸ் போங்க, நானும் வர்றேன். இந்த மாட்டைச் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. பொய்ச் சாட்சி ஆயிரும், அப்புறம் நெஜமான சாட்சியையும் நம்ப மாட்டாங்க."

அவர் மகளிடம் போய், "ஸ்கேன்ல ஒண்ணுதானே கண்ணு?" என்று கேட்டேன். தலையாட்டினாள். "ரெண்டா இருந்தாலும் மனுஷங்களுக்கு இப்படி ஆகாது. மாட்டு வயித்துல நடக்கற விஷயம் இது. நீ கேன் தண்ணி வாங்கிக் குடி, அது வேற கணக்கு," என்றேன். அவள் அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். கையுறையைக் கூட நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. சிலருக்கு ஏமாற்றம்தான், முகத்தில் தெரிந்தது. எஸ்தர் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டு வந்து வைத்தாள். பட்டறை தப்பித்தது, அந்தப் பெண்ணின் பயம் தெளிந்தது. இந்த மாடு கன்று ஈனவே ஈனாது என்று தெரிந்து நஷ்டப்பட்டது இவள் ஒருத்திதான். அவள் மொண்டு ஊற்ற நான் கை கழுவினேன்.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீர் மேல் அவர் போட்ட பழியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, பெரிய சங்கடம் தீர்ந்த முகம். எனக்கோ சும்மா இருக்க முடியவில்லை. "ஏனுங்க, தலைமுறை தலைமுறையா காங்கேயம் மாடு வெச்சிருக்கற குடும்பம் உங்களுது. காளைகூடப் பொறந்த கிடாரி சினை பிடிக்காதுன்னு உங்க வீட்டுல யாருக்குமா தெரியாது?"

"தெரியுமுங்க. எங்கப்பா காலத்துலயே தெரியும்," என்றார், சர்வசாதாரணமாக.

நான் அவரையே பார்த்தேன். "தெரிஞ்சுமா வாரத்துக்கு விட்டீங்க?"

"ஆள் நிக்கோணுமல்லங்க," என்றார். குரலில் குற்றம் எதுவும் இல்லை, ஒரு தொழில் யோசனை சொல்கிற மாதிரிதான் சொன்னார். "ஓவர்லாக்குக்கு இந்த மாதிரிக் கை கெடைக்காதுங்க டாக்டரம்மா. சீசன் வந்தா பக்கத்துக் கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போயிருவான். அட்வான்ஸ் குடுத்தாக்கூட அதையும் வாங்கிட்டு ஓடிர்றாங்க. மாட்டைக் கட்டி விட்டா எங்கியும் போகமாட்டாங்க பாருங்க. நம்மளுக்கும் அந்தக் கிடாரி சும்மா நிக்கறதுதானுங்க."

வாளித் தண்ணீர் ஊற்றுவது நின்றுவிட்டது. எஸ்தர் கையில் சொம்பு அப்படியே இருந்தது. அவள் அங்கே இருக்கிறாள் என்பதையே அவர் கவனிக்கவில்லை. தினமும் அவருக்காகத் தைக்கிற பெண், ஒரு கை தூரத்தில் நிற்கிறாள், அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கர்ப்பப்பை இல்லாத மாட்டைப் பார்த்து எனக்கு வந்த அதிர்ச்சியெல்லாம் இதற்குக் கால் தூசு பெறாது. கோபக்காரி என்று பெயரெடுத்தவள் நான், சோப்பு நுரைக் கையோடு அப்படியே நின்றேன்.

எஸ்தர் சொம்பைக் கீழே வைத்தாள். "மொதலாளி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

அப்போதுதான் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இதுகூடப் பொறந்த காளை நம்ம தோட்டத்துல நிக்குதுன்னீங்க. அதுக்குக் கன்னுங்க பொறந்திருக்குதுங்களா?"

"பொறக்காம? சுத்துப்பட்டுல பாதிக் கன்னு அதோடதுதான்," என்றார். பேச்சு மாறியதில் அவருக்கு நிம்மதி. "நம்ம பட்டியிலயே நிக்குது."

"அப்ப அதுல ஒண்ணு என்னுதுங்க."

"என்ன சொல்ற எஸ்தர்?"

"டாக்டரம்மா இப்பத்தானுங்க சொன்னாங்க. ஒரே வயித்துல இருந்து, இவளுக்கு வர வேண்டியதை அவன் கெடுத்துப்போட்டான்னு. இவ போட வேண்டிய கன்னை இனி அவங்கிட்டதானுங்க கேக்கோணும். தலைச்சன் கன்னு எனக்குன்னு உங்க வாயாலதான் சொன்னீங்க. நான் வளர்த்தாச்சு. கன்னைக் கொடுங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா டாக்டரம்மா? இதென்ன நாயமுங்க? நீங்க படிச்சவங்க, நீங்களே எடுத்துச் சொல்லுங்க," என்றார்.

போகாமல் நின்றிருந்த சிலர் கிட்டே வந்தார்கள். கருப்பசாமியும் திரும்பி வந்துவிட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் அரசாங்க மருத்துவர், மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. வாரப் பேச்சில் தலையிட எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. "அது உங்களுக்குள்ள பேசிக்கோங்க" என்று சொல்லியிருந்தால் விதிப்படி சரி. ஆனால் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது, அதுவும் படித்தவள் என்கிற முறையில்.

"படிப்புப்படி பாத்தா எஸ்தர் சொல்றதுல தப்பில்லீங்க. அந்தக் காளையாலதான் இதுக்குக் கர்ப்பப்பை இல்லாமப் போச்சு. அதை நான் எங்க வந்து வேணும்னாலும் சொல்லுவேன்," என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தார். அதில் பாதிப் பேர் அவர் கம்பெனி ஆட்கள். "சரி விடு எஸ்தர், ஒரு கன்னுதான. எடுத்துக்க," என்றார், தானமாகக் கொடுக்கிற தோரணையில். "ஆனா இந்தக் கிடாரியை நான் ஓட்டிட்டுப் போக முடியாது. எனக்கு வேண்டாம்."

"நீங்க கேட்டாலும் தரமாட்டனுங்க," என்றாள் எஸ்தர்.

சில வாரம் கழித்து ஒரு டெம்போவில் கன்று வந்து இறங்கியது. பால்குடி மறந்த கிடாரிக்கன்று, செவலை மாறி வெளுக்க ஆரம்பித்திருந்தது. எஸ்தர் என்னைக் கூப்பிட்டிருந்தாள். வந்த டிரைவரிடம் அவள் வேறு எதையும் கேட்கவில்லை. "ஒத்தையாப் பொறந்ததுதானுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவன் ஆமாம் என்றான். அதை அவள் நம்பவில்லை, என்னைப் பார்த்தாள். நான் முழுசாகப் பார்த்துவிட்டு, "இது கன்னு போடும்," என்றேன். அவள் கன்றின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். காளை எது, பசு எது என்று கேட்டு யார் கூப்பிட்டாலும் சிரிக்காமல் போங்கள். போனதும் மாட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அது எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள், யார் கொடுத்தது என்று கேளுங்கள், எதற்காகக் கொடுத்தார் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வி நம் பாடத்தில் இல்லை. ஆனாலும் கேளுங்கள்.

கன்று வந்த அடுத்த வாரம் முதலாளியிடமிருந்து போன் வந்தது. மாட்டுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையோ என்று எடுத்தேன். அவர் குரல் உடைந்திருந்தது.

"டாக்டரம்மா, எஸ்தர் வேலையை விட்டு நின்னுட்டாளுங்க. கன்னையும் அந்த மலட்டுக் கிடாரியையும் ஏத்திட்டு வெள்ளகோவில் பக்கம் போயிட்டாளாம். ஒரு வார்த்தை சொல்லலீங்க. இங்க அர்ஜென்ட் ஆர்டர் கெடக்குது. கன்னு குடுத்தனே, அதுக்காச்சும் ஒரு விசுவாசம் வேண்டாமுங்களா?"

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அதிர்ந்து போயிருந்தார், அழாத குறை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்:

"இனி யாரை நம்பி நான் மாட்டை விடறதுங்க?"